கட்டுண்ட தளபதியின் சம்மதம்

நீலாயதாட்சி அந்தப் படங்களை முதன்முதலில் திறந்தபோது, அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். சாத்தித்தான் இருந்தது. இருந்தாலும் எழுந்து போய்த் தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு வந்தாள்.

எழும்பூரில் ஒரு பழைய அரசுக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது கதைமாந்தர் இசைவு ஆணையம். அங்கே அவள் இசைவு அலுவலர். பத்திரப் பதிவுத் துறையில் நிம்மதியாக இருந்தவளைத் தூக்கி இங்கே போட்டிருந்தார்கள். வேலை ஒன்றும் கஷ்டமில்லை. தொலைக்காட்சித் தொடர்களில் வரும், கணினியில் உருவாகிச் சொந்தமாக யோசித்துப் பேசும் மாந்தர்களின் உருவத்தை யாராவது எடுத்துப் பயன்படுத்தினால், அந்த மாந்தரையே திரையில் கூப்பிட்டு "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்க வேண்டும். முறுக்குப் பாக்கெட்டில் அச்சடித்த கதாநாயகி, கல்யாண பேனரில் மாப்பிள்ளையின் தோளில் கைபோட்ட போலீஸ்காரர் என்று இதுவரை வந்ததெல்லாம் அந்த மாதிரி சமாசாரம். எல்லாரும் வேண்டாம் என்றார்கள். அவளும் வேண்டாம் என்று பதிந்து அனுப்பினாள்.

இப்போது வந்திருப்பது வேறு ரகம். முப்பது சொச்சம் படங்கள். எல்லாவற்றிலும் 'எட்டாம் துறை' தொடரின் நாயகன், விண்கப்பல் தளபதி ஆதன், கட்டப்பட்டிருந்தான். எல்லாவற்றிலும் கட்டியிருந்தவன் விண்கொள்ளைக்காரன் மாறவேள். ஆனால் இது சண்டை இல்லை என்பது படத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. சண்டையில் யாரும் அவ்வளவு பொறுமையாக முடிச்சுப் போட மாட்டார்கள்.

கதவு தட்டப்பட்டது. தொடரைத் தயாரிக்கும் ஏழுகடல் காட்சியகத்தின் வழக்கறிஞர் சந்தானகோபாலன். நீலா திரையை அணைத்துவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தாள்.

"பார்த்தீங்களா மேடம் அந்த அசிங்கத்தை?"

"பார்த்தேன் சார்."

"எல்லாத்தையுமா?"

"பார்க்கணும்னு விதி இருக்கே."

சந்தானகோபாலன் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பேச ஆரம்பித்தார். கண்ணை மூடிப் பேசினால் எதிராளி குறுக்கிட மாட்டார் என்பது அவருடைய தொழில் அனுபவம். "சுருக்குப்பைங்கிற புனைபேர்ல எவனோ ரெண்டு வருஷமா வரையறான். லட்சம் பேர் பார்க்கறாங்க. நம்ம ஆதன் குடும்பத்தோட உக்காந்து பார்க்கிற ஆளு மேடம். அவரைப் போய்..."

"அபராதம் ஒண்ணும் பெரிசு இல்லையே சார், இந்தச் சட்டத்துல."

"அபராதம் யாருக்கு வேணும்? தளபதி வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஆணையம் அந்த ஆளோட நிஜப் பேரை வெளியிட்டே ஆகணும். மீதியை ஊர் பார்த்துக்கும். ஒருத்தன் பேர் வெளிய வந்தா மத்தவன் எல்லாம் தூரிகையைத் தூக்கிப் போட்டுட்டு ஓடிடுவான்." கண்ணைத் திறந்தார். "இதுக்காகத்தான் இந்தச் சட்டத்தையே நாங்க எழுதிக் கொடுத்தோம்."

"ஒருவேளை அவர் சரின்னு சொல்லிட்டா?"

சந்தானகோபாலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆதனா? எட்டு வருஷமா அவர் சொந்தமா யோசிச்சுப் பேசறார் மேடம், நாங்க வசனம் எழுதறதில்ல. நிலைமையை மட்டும் போட்டுக் கொடுப்போம். எத்தனை இளவரசிங்களை அனுப்பிப் பார்த்தோம் தெரியுமா? ஒருத்தியையும் ஏறெடுத்துப் பார்க்கலை. கடமை கடமைன்னு கப்பலே கதியா இருக்கார்."

"அதைத்தான் சார் நானும் யோசிக்கிறேன்," என்றாள் நீலா.

அவருக்குப் புரியவில்லை. கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை கேட்பறையில் சுவர் முழுக்க இருந்த திரையில் ஆதன் வந்து நின்றான். கருநீலச் சீருடை, ஒழுங்காக நறுக்கிய மீசை, ஒரு சுருக்கம் இல்லை. தொடரில் அவனுக்கு அமைந்த மொழி செந்தமிழ். வேறு மாதிரி பேச அவனுக்கு வராது.

"வணக்கம், அலுவலரே. பணி யாது?"

"சில படங்கள் இருக்கு தளபதி. ஒண்ணொண்ணா காட்டுவேன். படத்துல என்ன இருக்குன்னு நான் என் வாயால சொல்லணும், நீங்க புரிஞ்சுதுன்னு சொல்லணும். அப்படி ஒரு விதி."

"விதிகள் எனக்குப் பிடிக்கும்."

நீலா தண்ணீர் குடித்தாள். "முதல் படம். நீங்க இருக்கீங்க. மாறவேள் இருக்கார்."

"போரா?"

"இல்ல."

"பேச்சுவார்த்தையா?"

"பேச்சும் இருக்கு." இன்னொரு மடக்குக் குடித்தாள். "நீங்க கட்டப்பட்டிருக்கீங்க. சிவப்புக் கயிறு. தோள்ல ஆரம்பிச்சு மார்ல குறுக்கால வந்து, ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால சேர்த்து... நல்லா வரிசையா, தலை பின்னி விட்ட மாதிரி."

"சீருடை கசங்குமே."

"சீருடை இல்ல தளபதி."

ஆதன் குனிந்து தன் சீருடையைப் பார்த்துக்கொண்டான். "முற்றிலுமா?"

"மேல மட்டும். கீழ எல்லாம் இருக்கு. பெல்ட் உள்பட."

"மாறவேளின் கப்பலில் குளிர் அதிகம்," என்றான் ஆதன், ஒரு தளபதி சொல்ல வேண்டிய கவலையோடு. "அவன் என்ன செய்கிறான்?"

"உங்களுக்குப் பின்னால மண்டி போட்டு உக்காந்து கடைசி முடிச்சைப் போடறார். அவர் கன்னம் உங்க தோள்ல... பட்டும் படாம இருக்கு."

"என் முகம் எப்படி இருக்கிறது?"

நீலா அதுவரை கயிறைத்தான் பார்த்திருந்தாள். சொல்லப்போனால், கயிறைப் பார்க்காமல் இருப்பதற்காகப் படத்தின் ஓரத்தைப் பார்த்திருந்தாள். இப்போதுதான் முகத்தைப் பார்த்தாள். "கண்ணை மூடியிருக்கீங்க. வலி எதுவும் இல்ல. நாள் முழுக்க இறுக்கிப் பிடிச்ச ஷூவைக் கழட்டினதும் ஒரு முகம் வருமே, அது."

"அவன் வாயருகே எழுத்து தெரிகிறது."

மாறவேளுக்குத் தொடரில் வடசென்னைப் பேச்சு. கொள்ளைக்காரன் என்றால் அப்படித்தான் பேசுவான் என்று நிறுவனம் முடிவு செய்திருந்தது. பத்திரத்தில் எல்லை விவரம் வாசிக்கும் குரலில் நீலா வாசித்தாள்: "'இறுக்கமா கீதா, தளபதி?'"

ஆதன் வெகுநேரம் அசையாமல் நின்றான். இணைப்பு போய்விட்டதோ என்று அவள் எழுந்து பார்த்தாள். போகவில்லை.

"மீண்டும் ஒருமுறை வாசியுங்கள்."

வாசித்தாள்.

"அடுத்த படம்."

அடுத்தடுத்த படங்களில் அவள் தண்ணீரை மறந்துவிட்டாள். கப்பலின் சாளரத்தோரம் ஒன்று. கயிறு அவிழ்த்த பிறகு மணிக்கட்டில் பதிந்த தடத்தை மாறவேள் கட்டைவிரலால் தடவிவிடுவது ஒன்று. அதை நீலா தேவைக்கு மேல் இன்னொரு முறை பார்த்தாள். பாதிக்கு மேல் போனபோது இருவரும் ஓவியக் கண்காட்சிக்கு வந்தவர்கள் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இதுல பாருங்க, கயிறோட நிழலும் கயிறு மாதிரியே மேல விழுது. எது கட்டியிருக்கு, எது கட்டலைன்னு தெரியலை."

"என் தோள்களைச் சற்று மிகைப்படுத்தியிருக்கிறார்."

"இருக்கட்டும் தளபதி. யார் அளந்து பார்க்கப்போறா."

படங்கள் முடிந்ததும் ஆதன் கேட்டான்: "உங்களுக்கு இவை எப்படித் தோன்றுகின்றன?"

"என் அபிப்பிராயம் பதிவுல வராது."

"பதிவுக்காகக் கேட்கவில்லை."

நீலா ஒலிப்பதிவை நிறுத்தினாள். "அழகா இருக்கு. ஏன் அழகா இருக்குன்னு இன்னும் புரியலை. ஆனா இருக்கு."

அன்று சாயங்காலம் வீட்டில் ஏகாம்பரம் தட்டில் சப்பாத்தி குருமாவோடு தொடரின் முன் உட்கார்ந்திருந்தார். அவளுடைய கணவர், மின்வாரியத்தில் ஓய்வுபெற்றவர், 'எட்டாம் துறை'யில் ஒரு நாள் விடமாட்டார். அன்றைய பகுதியில் ஆதனைச் சங்கிலியில் தொங்கவிட்டு மாறவேளின் ஆட்கள் சவுக்கால் அடித்துக்கொண்டிருந்தார்கள். மாறவேள் ஒரு மூலையில் நின்றான். அடிக்கச் சொல்லும்போது சத்தமாகச் சிரித்தான். சிரித்து முடித்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். முன்பெல்லாம் நீலா அதைக் கவனித்ததில்லை.

"சாப்பிடலையா நீலா? காரமா இருக்கா?"

"என்னங்க, இவரை இப்படி அடிக்கறாங்களே, பார்க்க ஒரு மாதிரி இல்லையா உங்களுக்கு?"

"ஹீரோன்னா நாலு அடி வாங்கினாத்தான் நல்லாருக்கும். தீபாவளிக்கு முதலைத் தொட்டியில இறக்கறாங்களாம்." குருமாவை வழித்துச் சாப்பிட்டார். "குடும்பத்தோட பார்க்கிற மாதிரி எடுக்கறாங்க, அதைச் சொல்லணும்."

நீலா தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

விதிப்படி படம் வரைந்தவருக்கும் ஒருமுறை பேச வாய்ப்புத் தர வேண்டும். பெயர் தெரியாதபடி திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்து, குரல் மாற்றும் கருவி வழியாகப் பேசலாம். ஆணையத்தில் அந்தக் கருவி ஒன்றே ஒன்று இருந்தது. அது யார் பேசினாலும் எண்பது வயதுக் கிழவியின் குரலில்தான் பேசும். பழுது பார்க்கச் சொல்லி நீலா பலமுறை எழுதிப் போட்டும் யாரும் வரவில்லை.

"வணக்கம் மேடம்," என்றது திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு கிழவி. "நான்தான் சுருக்குப்பை."

நீலா கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். "சொல்லுங்க. என்ன வேலை செய்றீங்க? விருப்பமிருந்தாச் சொன்னாப் போதும்."

"பிசியோதெரபி. பல்லாவரத்துல சின்ன கிளினிக். முதுகுவலி, கழுத்துவலி, தோள்பட்டை." கிழவிக் குரல் தடுமாறியது. "மேடம், எனக்கு இந்தக் குரல்ல பேச முடியலை. நானே கேட்டா நம்பமாட்டேன்."

சீலை விலகியது. நாற்பதைத் தாண்டிய ஒருவர், கட்டையான உடம்பு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பெரிய கைகள். நீலா எழுந்துவிட்டாள். "சார், நான் உங்களைப் பார்க்கக்கூடாது. உள்ள போங்க."

"பார்த்துட்டீங்களே. என் பேர் குணசீலன்." அவரே நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தார். "தளபதி வேண்டாம்னு சொல்லிட்டா என் பேரை வெளியிடுவீங்க. கிளினிக்ல என்கிட்ட வர்றவங்க பாதிக்கு மேல ஆம்பளைங்க மேடம். சட்டையைக் கழட்டிட்டு, முதுகைக் காட்டிக் குப்புறப் படுப்பாங்க. என் கையை நம்பித்தான் படுக்கிறாங்க. பதினெட்டு வருஷத்துல ஒருத்தரும் என் கையில சந்தேகப்பட்டதில்ல. இந்தப் படம் எல்லாம் என்னோடதுன்னு தெரிஞ்சா, ஒருத்தராவது படுப்பாங்களா?"

நீலா மறுபடி உட்கார்ந்தாள். "அப்புறம் ஏன் வரையறீங்க?"

குணசீலன் தன் கைகளைப் பார்த்தார். "வர்றவங்க எல்லாருக்கும் தோள் கல்லு மாதிரி இருக்கும். லோன், பொண்ணு கல்யாணம், ஆபீஸ். விடுங்க சார், தளர விடுங்கன்னு சொல்லுவேன். விடமாட்டாங்க. ஆம்பளைக்கு விடத் தெரியாது. இந்தத் தளபதி ஒரு கப்பலையே தோள்ல வச்சிட்டு நிக்கிறான். ஒரு மணி நேரம் அவன் கைக்கு எந்த வேலையும் இல்லாம இருந்தா அந்த முகம் எப்படி இருக்கும்? அதைத்தான் வரைஞ்சேன். கயிறு இல்லாம வரைஞ்சு பார்த்தேன். கயிறு இல்லாட்டி எழுந்து வேலைக்குப் போயிடறான்."

நீலா சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார்.

"அது மட்டும்தானா?" என்று கேட்டாள். பதிவுத் துறையில் அவளிடம் யாரும் பாதி உண்மை சொல்லித் தப்பியதில்லை.

குணசீலனின் காது சிவந்தது. "அது மட்டும் இல்ல மேடம். ரெண்டு பேரும் பார்க்க நல்லா இருக்காங்க. எனக்குப் பிடிச்சிருக்கு. அதையும் எழுதிக்குங்க."

"எழுத வேண்டாம்," என்றாள் நீலா. "எனக்கும் பிடிச்சிருக்கு."

ஆதன் முதல் நாளே வேண்டாம் என்று சொல்லாதது சந்தானகோபாலனுக்கு உறுத்தியது. இறுதி விசாரணையை எல்லாரும் பார்க்கும்படி நேரலையில் நடத்த வேண்டும் என்று மனுப் போட்டார். அத்தனை ரசிகர்கள் முன்னால் தளபதி அந்தப் படங்களைச் சரி என்று சொல்ல மாட்டான் என்பது கணக்கு. மனு ஏற்கப்பட்டது. கேட்பறையில் கேமராக்கள் வந்தன. திரைச்சீலைக்குப் பின்னால் கிழவிக் குரலோடு குணசீலன் உட்கார்ந்தார். தொடருக்கு வாரநாளில் வரும் கூட்டத்தைவிட விசாரணைக்குக் கூட்டம் அதிகம் என்று யாரோ சொன்னார்கள்.

சந்தானகோபாலன் எழுந்தார். இந்த முறை கண்ணை மூடவில்லை. "தளபதி அவர்களே, உங்களைக் கட்டிப்போட்டு அவமானப்படுத்தும் இந்தப் படங்களுக்கு நீங்கள் இசைகிறீர்களா?"

"வினாவில் இரண்டு செய்திகள் உள்ளன," என்றான் ஆதன். "கட்டியது ஒன்று. அவமானம் மற்றொன்று. முதலாவது உண்மை. இரண்டாவதைப் பற்றி எனக்கு ஓர் ஐயம். போன தீபாவளிச் சிறப்புப் பகுதியில் என்னைத் தலைகீழாகத் தொங்கவிட்டீர்கள்."

"அது கதை."

"பொங்கலுக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பு. அதற்கு முன் ஆயுத பூஜைக்கு..."

"அதெல்லாம் கதை, தளபதி. அந்த வலி நிஜம் இல்ல."

"வலி நினைவில் இருந்தால்தான் அழுகை மெய்யாக இருக்கும் என்று எனக்கு நினைவு வைத்தவர்கள் நீங்கள். ஆகவே எனக்கு நினைவிருக்கிறது. எட்டு ஆண்டுகளில் என்னைக் கட்டியவர்களுள் ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை. கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. இந்த ஓவியர்தான் முதன்முதலில் ஒருவனை என் அருகில் மண்டியிட வைத்து, இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்க வைத்தார்." அவன் திரைச்சீலை இருந்த பக்கம் திரும்பித் தலை தாழ்த்தினான். "படங்களுக்கு இசைகிறேன். ஒன்றில் மட்டும் ஒரு குறை உண்டு."

சந்தானகோபாலன் பாய்ந்தார். "எது? எந்தப் படம்?"

"சாளரத்தோரப் படம். அதில் மாறவேளின் மூக்கு சரியாக அமையவில்லை. அவன் மூக்கு அதைவிட நன்றாக இருக்கும்."

திரைச்சீலைக்குப் பின்னால் கிழவி ஒருத்தி விம்முவது கேட்டது. நீலா மேஜையின் கீழே குனிந்து எதையோ தேடினாள். தேடுவதற்கு ஒன்றும் இல்லை. முகத்தைச் சரிசெய்துகொள்ள நேரம் தேவைப்பட்டது.

"இன்னும் ஒன்று," என்றான் ஆதன். "இனி என்னை எந்தத் தொட்டியில் இறக்குவதானாலும் முன்கூட்டிக் கேட்க வேண்டும். உங்கள் சட்டம் ஓவியருக்கும் தயாரிப்பாளருக்கும் ஒன்றுதானே?"

நீலா சட்டத்தைப் புரட்டினாள். மாந்தரின் உருவத்தை 'யார் பயன்படுத்தினாலும்' என்றுதான் எழுதியிருந்தது. எழுதிக் கொடுத்தவர்கள் தங்களையும் 'யார்' என்பதில் சேர்த்துக்கொள்ள மறந்துவிட்டார்கள்.

"ஒண்ணுதான் தளபதி," என்றாள்.

அந்த வாரம் ஊரே கலகலத்தது. முதலைத் தொட்டிக்கு ஆதன் சம்மதிக்கவில்லை. தீபாவளிப் பகுதியில் அவன் கப்பலுக்கு வெள்ளையடிப்பதைக் காட்டினார்கள். பார்க்க நன்றாகவே இருந்தது என்று ஏகாம்பரம்கூட ஒப்புக்கொண்டார், ரொம்ப யோசித்து. வேறொரு தொடரில் பத்து வருஷமாக மாமியாரிடம் அடி வாங்கிய மருமகள் ஒருத்தி, இனிமேல் தன்னைக் கேட்காமல் அழவைக்கக் கூடாது என்று சொல்லி, சிரித்த முகத்தோடு குக்கர் ஏற்றினாள். மருத்துவமனைத் தொடரில் வருஷக்கணக்காக மயக்கத்தில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார். கதை எழுதிக் கொடுக்கும் பலர் வேலையை விட்டுப் போனார்கள். சிலருக்கு முதன்முறையாக வேலை சுவாரசியமாயிற்று. ஆணையத்தின் வாசலில் மனுக்கள் வழிந்தன.

ஆனால் குணசீலனின் வழக்கு முடியவில்லை. பதிவை எழுதி முடித்துக் கையெழுத்துப் போடப் போகும்போதுதான் நீலாவுக்கு உறைத்தது. ஒவ்வொரு படத்திலும் இரண்டு பேர். கேட்டது ஒருவரைத்தான்.

"வில்லனை எல்லாம் கேட்க வேண்டியதில்ல மேடம்," என்றார் சந்தானகோபாலன். "மானம் நாயகர்களுக்குத்தான்."

"சட்டத்துல மாந்தர்னுதான் சார் இருக்கு. நீங்க எழுதிக் கொடுத்ததுதான்."

அவர் சற்று யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது. ஆதன் கவிழ்த்துவிட்டான், சரி; ஆனால் இரண்டு பேரில் ஒருவர் வேண்டாம் என்றாலே படம் வரைந்தவரின் பெயரை வெளியிட்டாக வேண்டும். அதுவும் அதே சட்டம்தான். "கூப்பிடுங்க," என்றார். "நானும் இருக்கேன்."

திரையில் மாறவேள் வந்தான். கிழிந்த தோல் சட்டை, காதில் வளையம், ஒரு புருவத்தில் வெட்டு. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

"இன்னா மேடம். பட்த்தை எல்லாம் பார்த்தேன். நீங்க வெளக்கவும் வேணாம், எனக்கு வெக்கமா கீது." உண்மையாகவே அவன் முகம் சிவந்திருந்தது. "தளபதி இன்னா சொன்னாரு?"

"அதை நான் உங்ககிட்ட சொல்லக்கூடாது."

"என் மூக்கைப் பத்தி எதுனா சொன்னாரா?"

"நேரலை பார்த்தீங்களா?"

"ஊரே பார்த்துச்சு, நான் பார்க்கமாட்டனா?" மோதிரத்தைத் திருகினான். "ஆனா நான் ஒத்துக்கமாட்டேன் மேடம். வேணாம்."

சந்தானகோபாலன் மேஜையைத் தட்டினார். "பதிவு பண்ணுங்க மேடம். வேண்டாம்னுட்டார். பேரை வெளியிடுங்க."

நீலாவின் கண் முன்னால் குணசீலனின் கிளினிக் வந்தது. அவள் பார்த்திராத அந்த இடம், காலியான படுக்கை, துவைத்து மடித்த வெள்ளைத் துண்டுகள். பேனாவைக் கையில் எடுக்கவில்லை.

"ஏன் வேணாம்?" என்று கேட்டாள்.

"காரணம் கேட்க உங்களுக்கு அதிகாரம் இல்ல மேடம்," என்றார் வழக்கறிஞர்.

"கேட்கக்கூடாதுன்னும் எழுதலை சார். சொல்லுங்க மாறவேள். படம் அசிங்கமா இருக்கா?"

"சேச்சே. சூப்பரா கீது." அவன் குரல் தாழ்ந்தது. "ஆனா எல்லாப் பட்த்துலயும் நான்தானே மேடம் கட்டறேன். தளபதி கண்ணை மூடி நிம்மதியா உக்காந்துகிறாரு. நான் இறுக்கமா இல்லாம பார்க்கணும், கை மரத்துப் போவாம பார்க்கணும், மூஞ்சைப் பார்த்துனே இருக்கணும். எட்டு வருஷமா நானும்தான் கப்பல் ஓட்டறேன். சிரிக்க வேணாம்னு தோணும்போதெல்லாம் சிரிக்கிறேன். நான் மட்டும் களைச்சுப் போவமாட்டனா? ஒரு பட்த்துலயாவது அந்தக் கயிறு என் மேல இருக்கக்கூடாதா?"

சந்தானகோபாலன் வாயைத் திறந்து, மூடி, கண்ணையும் மூடிக்கொண்டார்.

"அப்படி ஒரு படம் வந்தா மத்ததுக்கெல்லாம் சம்மதமா?"

"முழுசா சம்மதம்."

நீலா பேனாவை எடுத்து, சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினாள்: "நிபந்தனையுடன் இசைவு. மறுப்பு இல்லை. பெயர் வெளியிட முகாந்திரம் இல்லை."

"மேல்முறையீடு போவேன்," என்றார் சந்தானகோபாலன். ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை. எழுந்து வாசல் வரை போனவர் நின்று, தோளைப் பிடித்துக்கொண்டு கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

குணசீலனுக்கு அவளே போன் பண்ணினாள். "சார், பேர் வெளிய வராது. ஆனா ஒரு படம் புதுசா வரையணும்." என்ன படம் என்று சொன்னாள்.

"எனக்குத் தோணவே இல்ல மேடம்," என்றார் அவர். "நாள் முழுக்க மத்தவங்க தோளைப் பிடிச்சுவிடற ஆளு நான். எனக்கே தோணலை."

புதிய படம் என்றால் புதிய இசைவு வேண்டும். மாறவேள் தன் பங்குக்கு ஒத்துக்கொண்டாகிவிட்டது. இப்போது கயிறு பிடிக்க வேண்டியவனைக் கேட்க வேண்டும். நீலா கேட்பறைக்குப் போய் ஆதனைக் கூப்பிட்டாள்.

"இன்னும் வரையாத படம் தளபதி. விதிப்படி விளக்கிடறேன். மாறவேள் உக்காந்திருக்கார். கண்ணை மூடியிருக்கார். கயிறு அவர் மேல. கட்டறது நீங்க."

எட்டு வருஷத்தில் எந்தச் சவுக்குக்கும் எந்த இரும்புக்கும் கலங்காத தளபதி ஆதன், கைகளை முன்னால் கட்டினான், பின்னால் கட்டினான், மறுபடி தொங்கவிட்டான்.

"அவனே கேட்டானா?"

"அவரேதான் கேட்டார்."

"அலுவலரே," என்றான், குரலைத் தாழ்த்தி. "எனக்கு முடிச்சுப் போடத் தெரியாது. பழகிக்கொள்ளக் கால அவகாசம் கிடைக்குமா?"

நீலா சட்டப் புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தாள்.

"எடுத்துக்குங்க தளபதி," என்றாள். "அவசரப்பட்டுக் கட்டற விஷயம் இல்ல இது."